மெத்தைக் கம்பெனியின் பழைய டிஸ்க்குகள்

ஓரகத்திகள் இரண்டு பேர் சேர்ந்து கடை வைக்கப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும், அது எத்தனை மாதம் தாங்கும் என்று சொந்தக்காரர்கள் பந்தயம் கட்டாததுதான் பாக்கி. ஒரே சமையலறையில் இரண்டு மருமகள்கள் நிற்பதே பெரும்பாடு. இவர்களோ ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே ஸ்க்ரூ டிரைவரைப் பங்கு போட்டுக்கொண்டு வேலை செய்யக் கிளம்பிவிட்டார்கள். அண்ணன் தம்பியான அவர்களுடைய கணவன்மார்களுக்கு உள்ளூர உதறல்தான். சண்டை வந்தால் யார் எந்தப் பக்கம் நிற்பது என்று மொட்டைமாடியில் தனியாக ஆலோசனைகூட நடத்தினார்கள். கடைசியில் சண்டை வரவில்லை, வேலைதான் வந்தது.

மூத்தவளுக்கு அழிக்கிற வேலை. இளையவளுக்கு நகல் எடுக்கிற வேலை. பழைய கம்ப்யூட்டரை விற்கப்போகிறவர்கள் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தால், மூத்தவள் அதில் முதல் ஓரத்திலிருந்து கடைசி ஓரம் வரை வெறும் பூஜ்யமாக எழுதித் தள்ளுவாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்துப் பார்ப்பாள். எங்காவது பூஜ்யத்தைத் தவிர வேறேதாவது கண்ணில் பட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

"நான்தான் எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேனே, போதாதா?" என்று கேட்கிறவர்களுக்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது.

"நீங்க பண்ணது வாசல்ல பேர்ப் பலகையைக் கழட்டின மாதிரிங்க. வீடும் சாமானும் உள்ள அப்படியேதான் இருக்கு. நான் வீட்டையே இடிச்சு, தரையை மட்டமாக்கி, ஒரு செங்கல்கூட மிஞ்சாம பண்ணித் தரேன்."

இளையவளின் வேலை அதற்கு நேர்மாறு. ஒரு டிஸ்க்கில் இருப்பதை அச்சு அசலாக இன்னொன்றில் ஏற்றித் தருவாள். அவள் வாயில் எள்ளு ஊறாது. வீட்டில் யார் யாரைப் பற்றி என்ன சொன்னாலும் சாயங்காலத்துக்குள் நாலு பேருக்குப் போய்விடும். ஆனால் கடை விஷயத்தில் மட்டும் அந்த வாய்க்கும் ஒரு பூட்டு இருந்தது. டிஸ்க்கில் பார்த்தது டிஸ்க்கோடு போக வேண்டும் என்பது மூத்தவள் போட்ட சட்டம். எவ்வளவோ பேருடைய படங்களும் கணக்குகளும் வந்து போயின. அவற்றில் ஒன்றைப் பற்றிக்கூட இளையவள் வெளியே மூச்சு விட்டதில்லை. அவளுடைய மாமியார் இதை இன்றுவரை நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

அப்படியிருக்கும்போதுதான் மெத்தைக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது.

கீழே தையல் கூடம், மேலே அலுவலகம். அலுவலகத்தில் பதினான்கு கம்ப்யூட்டர்கள், எல்லாமே கிழட்டு மாடுகள். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து, ஊர்க்கதை பேசி முடித்துத் திரும்பி வந்தால்தான் திரை வெளுக்கும். எல்லாவற்றிலும் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வேகமான புது டிஸ்க் மாட்ட வேண்டும், பழையதை முழுக்க அழித்துவிட வேண்டும். இதுதான் வேலை. கடைக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய வேலை.

கம்பெனியின் முதலாளியம்மா உயரமான மனுஷி. அவர் வருவதற்கு முன்னால் அவருடைய குரல் வந்துவிடும். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

"பழைய டிஸ்க்கை எப்ப அழிப்பீங்க?"

"ஒரு வாரம் வச்சிருந்து அழிப்போம் மேடம். நடுவுல யாருக்காவது ஏதாவது தேவைப்பட்டா..." என்று மூத்தவள் ஆரம்பித்தாள்.

"ஒரு வாரமெல்லாம் வேண்டாம். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு நாற்காலிக் கம்பெனி பழைய மெஷினை அப்படியே வித்துட்டாங்க. வாங்கினவன் உட்கார்ந்து அவங்க விலையெல்லாம் படிச்சுட்டான். இந்த வாரக் கடைசியிலேயே அழிச்சுடுங்க. என்னோடதை முதல்ல அழிங்க."

"ஏதாவது எடுத்து வைக்கணுமான்னு ஒரு தடவை பார்த்துடுங்களேன் மேடம்."

"வேண்டியதையெல்லாம் கம்பெனியோட பொது ஃபோல்டர்ல போட்டாச்சு. மிச்சம் பழைய குப்பை."

"இன்னொரு தடவை..."

"குப்பைன்னு சொல்லிட்டேனே."

மூத்தவள் தலையாட்டினாள். மூன்றாவது முறை கேட்பதற்கும் அவள் தயார்தான். ஆனால் அதற்குள் முதலாளியம்மா அடுத்த அறைக்குப் போய் யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

பதினான்கு மெஷின்களையும் தனித்தனியாகத் தயார் செய்துகொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் ஒரு மெஷினை மூலமாக எடுத்துக்கொண்டு, அதன் டிஸ்க்கைச் சுத்தப்படுத்தி, அதையே பதினான்கு நகல் எடுப்பது என்று முடிவானது. இளையவள் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பார்த்தாள். ஒரு திரையில் ஐகான்கள் சிந்திய அரிசி மாதிரி இறைந்து கிடந்தன. இன்னொன்றில் விளையாட்டுகள் மட்டுமே ஒன்பதோ பத்தோ. கடைசியில் கணக்கரின் மேசைக்கு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, இங்க வந்து பாருங்க. விருந்தாளி வர்ற வீடு மாதிரி துடைச்சு வச்சிருக்கு."

கணக்கர் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருப்பவர். ஒல்லியான உருவம், அதிர்ந்து பேசாத வாய். கீபோர்டின் இடுக்கில் தூசி தட்டுவதற்கென்றே சின்ன பெயிண்ட் பிரஷ் ஒன்று வைத்திருந்தார். உட்காரும்போது மட்டும் இடுப்பில் கையைக் கொடுத்து, பாதிப் பாதியாக உட்கார்ந்தார்.

"உங்க மெஷினை மூலமா வச்சுக்கலாமா சார்?" என்று மூத்தவள் கேட்டபோது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை ஓடியது.

"தாராளமா வச்சுக்குங்கம்மா. என்னோட ஃபைலெல்லாம் எடுத்துடுவீங்கல்ல?"

"உங்களோடது எதுவும் அதுல இருக்காது சார்."

அப்படித்தான் அவள் நம்பிச் சொன்னாள்.

சனியும் ஞாயிறும் கடையில் மின்விசிறி ஓயவில்லை. டிஸ்க்கை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டுக்கு இரண்டு வாய். இடது வாயில் மூலம், வலது வாயில் காலி டிஸ்க். மாற்றி வைத்தால் போச்சு. காலியாக இருப்பது மூலத்தின் மேல் ஏறி, அதுவும் காலியாகிவிடும். கடை திறந்த புதிதில் இளையவள் ஒரு தடவை அப்படிச் செய்து, தன் கணவன் வருஷக்கணக்காகச் சேர்த்த பாட்டுகளை வெறும் காற்றாக்கிவிட்டாள். நல்லவேளை, வாடிக்கையாளருடைய டிஸ்க் இல்லை. அதிலிருந்து மூல டிஸ்க்குக்குச் சிவப்பு ரிப்பன் கட்டாமல் அவர்கள் வேலையைத் தொடங்குவதில்லை. பொத்தானை அமுக்கும் முன் வாய்விட்டும் கேட்டுக்கொள்வார்கள்.

"இடது?"

"மூலம்."

"வலது?"

"காலி."

"அமுக்கு."

மேசையின் இன்னொரு பக்கத்தில் மூத்தவளின் மெஷின் பழைய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது. முதலாளியம்மா சொன்னபடி அவருடைய டிஸ்க்தான் முதலில் போனது. ஞாயிறு சாயங்காலம் எல்லாம் முடிந்தபோது, பதினான்கு புது டிஸ்க்குகளும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. பதினான்கு பழைய டிஸ்க்குகளும் பிறந்த குழந்தையின் மனசு மாதிரி வெறுமையாகக் கிடந்தன.

திங்கட்கிழமை காலை கம்பெனியே அமர்க்களப்பட்டது. சுவிட்சைப் போட்டதும் திரை பளிச்சென்று வந்து நின்றதில், டீ குடிக்கப் போகச் சாக்கு இல்லையே என்று இரண்டு பேர் வருத்தப்பட்டதைத் தவிர எல்லோருக்கும் மகிழ்ச்சி. வரவேற்பு மேசைப் பெண்ணின் பிரிண்டர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அதைச் சரிபார்க்க மத்தியானத்துக்கு மேல் ஓரகத்திகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பிரிண்டர் வழிக்கு வந்து, முதல் தாளைத் துப்பிக்கொண்டிருந்தபோது மணி நாலு.

டிங் என்று ஒரு சத்தம். ஒன்று இல்லை, அலுவலகம் முழுக்க ஒரே நேரத்தில் டிங். பதினான்கு திரைகளின் நடுவிலும் ஒரு வெள்ளைப் பெட்டி வந்து நின்றது. அதில் ஒரே ஒரு வரி.

இன்னிக்காவது சொல்லிடு.

அதன் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ‘சரி’ என்றும், மற்றதில் ‘நாளைக்கு’ என்றும் இருந்தது.

 என்ன நடந்தது என்று மூத்தவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. கணக்கரின் ஃபைல்களையெல்லாம் எடுத்தார்களே ஒழிய, மூலையில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்த நினைவூட்டல் புரோகிராமைத் திறந்து பார்க்கவில்லை. நாலு மணிக்கு மட்டும் கண்ணைத் திறக்கிற ஒன்றை, மற்ற நேரத்தில் யார் தேடப்போகிறார்கள்? அவள் ஓரக்கண்ணால் கணக்கரைப் பார்த்தாள். அவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அலுவலகத்தில் மற்றவர்கள் யாருக்கும் இது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தெரியாததால் ஒவ்வொருவரும் அது தனக்கென்றே வந்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

வரவேற்பு மேசைப் பெண் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து நேராக விற்பனைப் பிரிவுக்காரரிடம் போனாள்.

"என் டிராயர்ல இருக்கிற பிஸ்கட்டை எடுக்கிறது நீங்கதான்னு எனக்கு ரொம்ப நாளா தெரியும்."

"அதைச் சொல்லத்தான் நானும் எழுந்தேன்," என்றார் அவர், பாதி எழுந்த நிலையில்.

டெலிவரிப் பிரிவுக்காரர் போனை எடுத்துத் தன் தம்பியைக் கூப்பிட்டு, "டேய், சின்ன வயசுல உன் சைக்கிளை உடைச்சது பக்கத்து வீட்டுக்காரன் இல்லடா, நான்தான்," என்றார். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டார். ஆனால் முகத்தில் என்னவோ ஒரு நிம்மதி.

இளையவள் மூத்தவளின் காதருகே வந்தாள்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

"நீங்க போடுற டீயைக் குடிக்கவே முடியல."

"இப்பவா அதைச் சொல்லணும்? தலைக்கு மேல வெள்ளம் போயிட்டிருக்கு."

"சொல்லிடுன்னு போட்டிருந்துச்சே."

அதற்குள் முதலாளியம்மாவின் அறைக்கதவு திறந்தது. அவருடைய திரையிலும் அந்தப் பெட்டி வந்திருக்க வேண்டும். 

"இது யாரோட வேலை?"

 மூத்தவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"எங்க தப்புதான் மேடம். மூல டிஸ்க்குல இருந்தது நகல் எடுக்கிறப்ப கூடவே வந்துடுச்சு. அஞ்சு நிமிஷத்துல எடுத்துடறோம்."

"சொல்லிடுன்னா, எதைச் சொல்லணும்? யார்கிட்ட சொல்லணும்?"

"அது எங்களுக்குத் தெரியாதுங்க."

"சரி, மூல டிஸ்க் யாரோடது?"

மூத்தவள் வாயை மூடிக்கொண்டாள். டிஸ்க்கில் பார்த்தது டிஸ்க்கோடு போக வேண்டும் என்று சட்டம் போட்டவளே அதை மீறலாமா? கம்பெனி வேலை கையை விட்டுப் போனாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.  பக்கத்தில் இளையவள், உலகத்திலேயே வாயை அடக்கத் தெரியாதவள், உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்கிறேன்ல?"

"அதை நாங்க சொல்ல முடியாது மேடம்," என்றாள் மூத்தவள். "எங்களை வேணும்னா திட்டுங்க."

முதலாளியம்மா திட்டுவதற்காகத்தான் மூச்சை இழுத்தார். அப்போது ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கணக்கர் இடுப்பில் கையைக் கொடுத்து, பாதிப் பாதியாக எழுந்து நின்றார்.

"என்னோடதுதான் மேடம்."

"உங்களோடதா? கணக்கர் சார், உங்களுக்கு என்ன ரகசியம்?"

"ரெண்டு வருஷமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன். நாலு மணி டீக்கு அப்புறம்தான் நீங்க கொஞ்சம் நல்ல மனநிலையில இருப்பீங்க. அதனால நாலு மணிக்கு வச்சேன். தினமும் வரும். தினமும் ‘நாளைக்கு’ன்னு அமுக்கிடுவேன்."

"சரி, இப்ப சொல்லுங்க."

கணக்கர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். இனி ‘நாளைக்கு’ பொத்தான் இல்லை என்பது அவருக்கே தெரிந்துவிட்டது.

"நம்ம ‘மேகம்’ நல்லா இல்ல மேடம்."

இங்கே மேகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பெனி தொடக்கத்திலிருந்து விற்றது ஏழாம் நம்பர் மெத்தை. பார்க்க ஒன்றுமில்லை, சாதுவான சாம்பல் நிறம். ஆனால் ஊர் முழுக்க அதில்தான் தூங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன் முதலாளியம்மா ஏழாம் நம்பரை நிறுத்திவிட்டு, தன் சொந்த யோசனையில் மேகம் என்று ஒரு மெத்தையைக் கொண்டுவந்தார். பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். உட்கார்ந்தால் இடுப்பு வரை உள்ளே போகும். அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொன்று பரிசாகவும் கொடுத்தார்.

"நல்லா இல்லைன்னா?" முதலாளியம்மாவின் குரல் இறங்கியது. அவர் குரல் இறங்கினால்தான் பயம்.

"படுத்தா பள்ளத்துல விழுந்த மாதிரி இருக்கு. காலையில எழுந்திருக்க யாராவது கை கொடுக்கணும். என் இடுப்பு போச்சு மேடம். இப்ப தரையில போர்வை விரிச்சுத்தான் படுக்கிறேன். மெத்தைக் கம்பெனிக்காரன் தரையில படுக்கிறான்னு என் மச்சான் வீடு வீடா சொல்லிட்டு வர்றான்."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"உங்களுக்கு மட்டும்தான் இப்படியா, இல்ல..." முதலாளியம்மா திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. உங்க வீட்டு மேகம் எப்படி இருக்கு?"

பூனைக்கு மணி கட்டியாகிவிட்டது. இனி பயம் என்ன?

"எங்க வீட்டுல நாய் படுக்குது மேடம்," என்றாள் வரவேற்பு மேசைப் பெண். "இப்பல்லாம் அதுவும் இறங்கித் தரையில படுக்குது."

"பசங்க குதிச்சு விளையாடுறாங்க. அதுக்கு நல்லாதான் இருக்கு," என்றார் விற்பனைப் பிரிவுக்காரர்.

"கதவு காத்துல அடிச்சுக்காம முட்டுக் கொடுத்து வச்சிருக்கேன்," என்றார் டெலிவரிப் பிரிவுக்காரர். "போன மாசம் மட்டும் திரும்பி வந்த மேகத்தை எல்லாம் கோடவுன்ல அடுக்கியிருக்கேன் மேடம். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொல்லி வச்சிருந்தாங்க."

"யாரு சொல்லி வச்சது?"

"எல்லாருமே."

முதலாளியம்மா பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தார். வெடிக்கப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மூத்தவள் பிரிண்டரின் வயரை ஏன் என்று தெரியாமலே சுருட்டிக்கொண்டிருந்தாள். முதலாளியம்மாவோ மேசையில் இருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துப் பாதியாக உடைத்தார். கடிக்காமல் அப்படியே வைத்தார்.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன்," என்றார். "என் வீட்டுல இருக்கிறது பழைய ஏழாம் நம்பர்தான்."

 கணக்கர் சிரிக்க ஆரம்பித்தார். அதிர்ந்து பேசாத மனுஷன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். கீழே தையல் கூடத்திலிருந்து மேஸ்திரி என்ன ஆச்சோ என்று படியேறி வந்துவிட்டார்.

"மேகத்துல ஒரு வாரம் படுத்தேன்," என்றார் முதலாளியம்மா. "அப்புறம் அதை விருந்தாளி ரூமுக்கு மாத்திட்டேன். விருந்தாளிங்க இப்பல்லாம் ரெண்டாம் நாளே கிளம்பிடறாங்க." பிறகு எழுந்து, பழைய குரலில், "மேஸ்திரி, நாளையிலேருந்து ஏழாம் நம்பரையே போடுங்க," என்றார்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "போடலாம் மேடம். ஆனா அளவெல்லாம் வேணுமே. எந்த அடுக்கு எவ்வளவு கனம், ஸ்பிரிங் எத்தனை சுத்து, அதெல்லாம். பாதி கை ஞாபகத்துல இருக்கு. பாதி போச்சு. ரெண்டு வருஷமா மேகத்தையே தைச்சுத் தைச்சு கையே பஞ்சாயிடுச்சு."

"அளவெல்லாம் என் கம்ப்யூட்டர்ல..." என்று சொல்லிக்கொண்டே வந்த முதலாளியம்மா பாதியில் நிறுத்தினார். மெல்லத் திரும்பி மூத்தவளைப் பார்த்தார். அலுவலகமே மூத்தவளைப் பார்த்தது.

"முதல்ல அழிச்சது அதைத்தான் மேடம்."

"கொஞ்சமாவது மிச்சம் இருக்காதா? டி.வி.யில எல்லாம் அழிச்சதைத் திரும்ப எடுத்துக் காட்டுறாங்களே."

"கொஞ்சம் மிச்சம் இருந்தா, நான் வேலையைச் சரியா செய்யலைன்னு அர்த்தம் மேடம்."

அதைச் சொல்லும்போது மூத்தவளுக்கு வருத்தமும் பெருமையும் ஒன்றாக வந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு டிஸ்க்கை அரைகுறையாக அழித்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. தோன்றிய உடனே அந்த நினைப்பை விரட்டினாள்.

 "ரெண்டு தடவை கேட்டீங்க," என்றார் முதலாளியம்மா. "குப்பைன்னு சொன்னது நான்தான்."

அப்போதுதான் இளையவளின் வாய்ப்பூட்டு கழன்றது.

"மேடம், மூலம் போயிட்டா என்ன? நகல் எங்கயாவது இருந்தா போதும். அதுலேருந்து திரும்ப எடுத்துடலாம். நாங்க டிஸ்க்குக்கு அப்படித்தான் செய்வோம்."

"ஏழாம் நம்பருக்கு நகல் எங்கம்மா இருக்கு?"

"உங்க வீட்டுல இருக்கே."

முதலாளியம்மாவின் கை தன்னையறியாமல் நெஞ்சுக்குப் போனது. "அது என் மெத்தை."

"ஓரமா ஒரு பக்கம் தையலைப் பிரிச்சா போதும் மேடம்," என்றார் மேஸ்திரி ஆறுதலாக. பிறகு மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, "இல்ல, முழுசாத்தான் பிரிக்கணும்," என்றார்.

புதன்கிழமை காலை தையல் கூடத்தில் நீளமான வெட்டு மேசையைக் காலி செய்து, அதன் மேல் முதலாளியம்மாவின் ஏழாம் நம்பரைக் கிடத்தினார்கள். டாக்டரைச் சுற்றி நிற்கும் உறவினர்கள் மாதிரி அலுவலகமே சுற்றி நின்றது. அழைக்காமலே ஓரகத்திகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மேஸ்திரி கத்தரிக்கோலை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார்.

"என் கையால தைச்சதும்மா இது."

"உங்க கையாலயே பிரிங்க. மனசு கேட்கும்," என்றாள் மூத்தவள்.

தையல் பிரிந்ததும் மேஸ்திரிக்குப் பழைய ஞாபகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. "மேல துணி, அடுத்து பஞ்சு, அடுத்து ஃபோம், அப்புறம் நேரா ஸ்பிரிங்தான், எழுதிக்குங்க," என்று கடகடவென்று சொல்ல ஆரம்பித்தார்.

மூத்தவள் கையை நீட்டித் தடுத்தாள். "அண்ணே, ஞாபகத்துலேருந்து வேண்டாம். நகல் எடுக்கிறப்ப இது இருக்கும், அது இருக்காதுன்னு நாங்க தாண்டிப் போக மாட்டோம். முதல் ஓரத்துலேருந்து ஒண்ணு விடாம போகணும். காலியா இருக்கிற இடத்தைக்கூட அளக்கணும்."

மேஸ்திரி ஸ்கேலை எடுத்தார். ஒவ்வொரு அடுக்காகத் தூக்கி, அளந்து, எடை போட்டு, பக்கத்தில் வரிசையாக வைத்தார்கள். கணக்கர் எண்ணைச் சொல்ல, இளையவள் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஃபோமை எடுத்ததும், "அடுத்து ஸ்பிரிங்," என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங் வரவில்லை. கம்பளி மாதிரி அழுத்திய ஒரு மெல்லிய விரிப்பு வந்தது. விரல் கனம்கூட இல்லை.

மேஸ்திரி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, இது இருந்துச்சே. இதை எப்படி மறந்தேன்? ஸ்பிரிங் உடம்புல குத்தாம தாங்குறதே இதுதான்."

"மேகத்துல இது இருக்கா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"நீங்கதான் மேடம், இது எதுக்கு தண்டமான்னு எடுக்கச் சொன்னீங்க."

"நான் எப்ப சொன்னேன்?" என்று ஆரம்பித்தவர், கணக்கரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லியிருப்பேன்," என்று முடித்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசிக்குள் புது ஏழாம் நம்பர் தயாரானது. மூத்தவள் அதோடு விடவில்லை. எடுத்த நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எப்படி ஒப்படைப்பது? பிரித்த மெத்தையை மேஸ்திரி அதே துணிக்குள் அதே வரிசையில் அடைத்து, பழைய ஊசித் துளைகளிலேயே நூலை விட்டுத் தைத்திருந்தார். முதலாளியம்மாவின் அறையில் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இரண்டின் மேலும் ஒரே மாதிரி வெள்ளை விரிப்பை விரித்தார்கள். எது எது என்று மேஸ்திரிக்கு மட்டும் தெரியும்.

முதலாளியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் இடது பக்கம் படுத்தார். புரண்டார். எழுந்து வலது பக்கம் படுத்தார். மறுபடி இடது பக்கம் வந்தார். வாசலில் பதினான்கு தலைகள் எட்டிப் பார்த்தன.

"இப்படி எல்லாரும் பார்த்துட்டு நின்னா நான் எப்படிம்மா கண்டுபிடிக்கிறது? போய் வேலையைப் பாருங்க. கதவைச் சாத்துங்க."

கதவைச் சாத்தினார்கள். ஆனால் யாருக்கு வேலை ஓடும்? எல்லோரும் விரல் நுனியில் நடந்தார்கள். கணக்கர் கீபோர்டைத் தட்டாமல் பெயிண்ட் பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருந்தார். இளையவள் கதவில் காதை வைத்தாள். மூத்தவள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தவளே, நிற்கிற சாக்கில் தானும் கொஞ்சம் சாய்ந்து கேட்டாள். முதலில் இடமிருந்து வலம் மாறுகிற சத்தம். கொஞ்சம் கழித்து வலமிருந்து இடம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, மெல்லிய, சீரான, மேலே ஏறி இறங்குகிற ஒரு குறட்டை.

"இப்ப எதுல படுத்திருக்காங்க?" என்று மேஸ்திரியைக் கேட்டாள் மூத்தவள், மூச்சுக் குரலில்.

மேஸ்திரி கதவைக் கொஞ்சமே திறந்து எட்டிப் பார்த்தார். திரும்பியபோது முகமெல்லாம் பல்.

"புதுசுல. கால் மட்டும் பழசு மேல இருக்கு."

அந்த நேரம் பார்த்து வரவேற்பு மேசையில் போன் அடித்தது. அந்தப் பெண் பாய்ந்து போய் எடுத்தாள்.

"மேடமா? இல்லைங்க, இப்பப் பேச முடியாது," என்றாள், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. "முக்கியமான வேலையில இருக்காங்க."